ஒரு நாள் முந்திப் போன ஊசி

எங்கள் வீட்டில் அடுத்த வருஷம் ஆடி மாதமே வந்துவிடும். என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறார். காலண்டரின் தலையில் தகரப் பட்டி வைத்து அழுத்தும் மெஷின் அவருடையது. ஆடிப் பெருக்கன்று பூஜை போட்டு அடுத்த வருஷத்து மாதிரி ஆல்பத்தை வியாபாரிகளுக்குக் காட்டுவார்கள். அதற்குள் அச்சு ஓடத் தொடங்கியிருக்கும். கலர் விலகிப்போன தாள்கள், சாமியின் மூக்கு ஒரு நூல் தள்ளிப்போனவை எல்லாம் வேஸ்ட் என்று ஒதுங்கும். அதில் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து வீட்டில் மாட்டுவார். நடப்பு வருஷத்தைக் கழற்றி அரிசிப் பானைக்கு மூடியாகப் போட்டுவிடுவோம். மற்றவர்கள் ஜனவரியில் செய்கிற காரியத்தை நாங்கள் ஆடியில் செய்கிறோம், அவ்வளவுதான்.

தேதி பார்க்க என்ன செய்வீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. செல்போனில் தேதி இருக்கிறது. தவிரவும், சீசனில் எங்களுக்குத் தேதியும் கிழமையும் எதற்கு? நான் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். கிப்ட் பாக்ஸ் அடுக்குவது என் வேலை. சீசன் சூடு பிடித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் எங்களை ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வந்து நிற்கும். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த காலம் இரண்டுதான். ஒன்று தீபாவளிக்கு முந்தி, மற்றது தீபாவளி கழிச்சு. காது குத்துவது, கூரை மாற்றுவது, பல் பிடுங்குவது எல்லாம் தீபாவளி கழிச்சுத்தான். எங்கள் பேக்கிங் ரூமில் ஒரு அக்கா குடல்வால் வலியையே தீபாவளி கழிச்சுப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். வேனில் சுருண்டு விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

எங்களுக்கு ஒரே மகள், எட்டு வயது. அவளுக்குச் சிறுநீரகம் பழுது. பிறவியிலேயே சிறுநீர் முழுதாகக் கீழே இறங்காமல் பாதி திரும்பி மேலே ஏறியிருக்கிறது. அது எங்களுக்குத் தெரிவதற்குள் இரண்டு பக்கமும் தழும்பேறிப் போயிருந்தது. ஆபரேஷன் செய்து கோளாறைச் சரி செய்தார்கள். தழும்பைச் சரி செய்ய முடியாது. மிச்சம் இருப்பதை வைத்து எவ்வளவு காலம் ஓட்ட முடியுமோ அவ்வளவு ஓட்ட வேண்டும், அப்புறம் டயாலிசிஸ், அதற்கும் அப்புறம் மாற்றுச் சிறுநீரகம் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். மழுப்பாமல் சொன்னதால்தான் அவர் மேல் எனக்கு மரியாதை. எனக்கு மழுப்புகிறவர்களைக் கண்டால் ஆகாது.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்றை வைத்துப் பார்ப்பார்கள். அது கூடினால் சிறுநீரகம் குறைகிறது என்று அர்த்தம். கூடாமல் இருந்தால் போதும். குறையாதா, குணமாகாதா என்று ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டு வேண்டுதல் எல்லாம் அது அப்படியே நிற்க வேண்டும் என்பதுதான். உப்பு ஆகாது என்பதற்கு மகளும் பழகிவிட்டாள். விசேஷ வீடுகளில் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும், "எனக்கு அப்பளம் வேணாம், ஊறுகாய் வேணாம்" என்று பரிமாறுகிறவர்களிடம் அவளே சொல்லிவிடுவாள். பெரிய மனுஷி மாதிரி பேசுறாளே என்று கொஞ்சுவார்கள். எனக்கு அது கொஞ்சுகிற விஷயமாகத் தெரிவதில்லை.

இந்த ஊசிக் கதைக்கு முந்தின வருஷம் மழை நாளில் அவளுக்கு ஒரு சளிக்காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததா, வேனில் என்னோடு ஏறி வந்ததா தெரியாது. தெருவில் மற்ற பிள்ளைகள் நாலு நாள் படுத்து எழுந்து ஓடிவிட்டார்கள். இவளுக்குக் காய்ச்சலோடு வாந்தியும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் கூட இறங்கவில்லை. மதுரையில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். காய்ச்சல் இறங்கியது. கிரியாட்டினின் ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது.

"போனது போனதுதான்மா, திரும்ப வராது. இன்னொரு தடவை இதே மாதிரி அடிச்சா டயாலிசிஸ் பக்கத்துல போயிருவோம்" என்றார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் எதிரே சுவரில் அடுத்த வருஷம் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆடியில் மாட்டியதுதான். அன்றைக்கு அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வருஷத்தைத் தாண்டுவாளா என்று நான் பயந்துகொண்டு வந்தால், அங்கே பன்னிரண்டு மாதமும் வரிசையாக அச்சடித்துத் தொங்குகிறது.

"இனிமே இந்த வீட்டுல அடுத்த வருஷத்தக் கொண்டாந்து மாட்டாதீக" என்றேன்.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் சுபாவம் அது. அடுத்த ஆடி வந்தது. நான் சொன்னதே காதில் விழாத மாதிரி ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து அதே ஆணியில் மாட்டிவிட்டார். நான் கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதையும் பொருட்படுத்தவில்லை.

அந்த ஆவணியில்தான் டாக்டரம்மா ஊசி விஷயத்தைக் கறாராகச் சொன்னார். மதுரையிலிருந்து புதன்கிழமை மட்டும் விருதுநகரில் ஒரு சின்ன கிளினிக்குக்கு வருவார். சளிக்காய்ச்சலுக்கு வருஷா வருஷம் ஒரு தடுப்பூசி உண்டு, சிறுநீரகம் பழுதான பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டும், மழைக்கு முந்தி போட்டுவிட வேண்டும் என்றார். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் தடவை போடும்போது ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. அதோடு விடவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போட்டுக்கணும். அவ வீட்டுக்குள்ளதான் இருக்கா. காய்ச்சல் உங்க மேல ஏறித்தான் அவகிட்ட வரும்."

"நாங்க தீபாவளி கழிச்சுப் போட்டுக்கிறோம் டாக்டர்" என்றேன்.

"மழை தீபாவளி கழிச்சுத்தான் வரும்னு உங்ககிட்ட சொல்லிச்சா?"

ஊசி போட்டால் கை வலிக்கும், மறுநாள் உடம்பு காயும், கிப்ட் பாக்ஸ் லோடு தலைக்கு மேல் நிற்கும்போது அது ஆகாத காரியம். பிள்ளைக்குப் போட்டால் போதாதா என்றுதான் இருவரும் நினைத்தோம். டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் சேர்த்தே சீட்டில் எழுதினார். மகள் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டாள். நாங்கள் நழுவி வந்துவிட்டோம்.

அடுத்த மாதம் மூன்றாவது புதன்கிழமை வர வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். சீட்டிலும் மூன்றாவது புதன் என்றே எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்ததும், அது என்ன தேதி வருகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துத் தேதியைச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தேதிதான் ஞாபகம். அது புதன்தானா என்று பிறகு பார்க்கவில்லை. போர்மேனிடம் லீவு கேட்டதும் தேதியைச் சொல்லித்தான்.

"சீசன்ல வந்து லீவு கேக்க? லோடு கெடக்கிறதப் பாத்தியா? ஊசியத் தீபாவளி கழிச்சுப் போட்டா என்ன?"

"அண்ணாச்சி, நானும் அதத்தான் டாக்டர்ட்ட கேட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். நீங்களும் வேணும்னா வந்து கேளுங்க."

"ஒரு நாள்தான். மறுநாளும் வரலைன்னா வேற ஆளப் போட்டுருவேன், சொல்லிட்டேன்" என்றார்.

அந்தத் தேதி வந்தது. வீட்டுக்காரரும் பிரஸ்ஸில் சொல்லிவிட்டு வந்தார். மதுரையில் பட்ட பாட்டுக்குப் பிறகு அவர் என்னைத் தனியாக ஆஸ்பத்திரிக்கு விடுவதில்லை. விருதுநகர் பஸ்ஸில் மகளுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. கிளினிக்கில் போய்ப் பார்த்தால் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. சிஸ்டர் மட்டும் பஞ்சைக் கிழித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, இன்னிக்கே வந்திருக்கீக?"

"இன்னிக்குத்தானே வரச் சொன்னீக? புதன்கிழமை."

"இன்னிக்குச் செவ்வாய்மா."

செல்போனை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய் என்றுதான் இருந்தது. காலையில் எழுந்ததிலிருந்து அது அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். நான் மணியை மட்டும் பார்த்திருக்கிறேன்.

"எந்தக் காலண்டரப் பாத்துச் சொன்னீக?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"நம்ம வீட்டுக் காலண்டர்தான்" என்று சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. அடுத்த வருஷத்தில் அந்தத் தேதி புதன்கிழமை. இந்த வருஷத்தில் செவ்வாய். வருஷத்துக்கு ஒரு கிழமை தள்ளிப்போகும் என்பது சிவகாசியில் காலண்டர் வேலை பார்க்கிற ஒருவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாளைக்கு எனக்கு லீவு கிடையாது. அடுத்த புதன் என்றால் தீபாவளி இன்னும் நெருங்கிவிடும், மழையும் பிடித்துவிடும், லீவு என்ற பேச்சையே எடுக்க முடியாது. மகள் பக்கத்தில் இருக்கிறாளே என்று குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன், ஆனால் பேசினேன். படித்துப் படித்துச் சொன்னேனே மாட்டாதீகன்னு, எதுக்கு மாட்டினீக, அந்தப் பாழாப்போன தாள் இல்லாம வீடு நிக்காதா என்றெல்லாம் கேட்டேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் எழுந்து போய்ச் சிஸ்டரின் பஞ்சு டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவள் அந்தப் பக்கம் போனதும் அவர் சொன்னார்:

"அவ அடுத்த வருஷமும் இருக்கணும்ல. மாட்டாம விட்டா எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அந்த மனிதர் ஒரு வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. நான் அழுதால் மகள் தன் உடம்புக்கு ஏதோ என்று எடுத்துக்கொள்வாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு யார் கூட்டிக்கொண்டு வருவது என்று மட்டும் கேட்டேன். தானே வருவதாகச் சொன்னார்.

சிஸ்டருக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். பஞ்சு டப்பாவை மூடி வைத்துவிட்டு வந்தார்.

"பாப்பாவுக்கு இன்னிக்குப் போட மாட்டேன். டாக்டரம்மா வந்து பிரஷர் பாத்து, வீக்கம் இருக்கான்னு பாத்து, சரின்னு சொல்லணும். உங்களுக்குன்னா போடலாம். போன தடவையே எழுதி வச்சிருக்காங்க. நீங்கதான் கம்பி நீட்டிட்டீக."

வெறுங்கையோடு திரும்புவதற்கு இதையாவது செய்துவிட்டுப் போவோம் என்றுதான் தோன்றியது. பெரிய ஞானோதயம் எல்லாம் இல்லை. நான் கையை நீட்டினேன். வீட்டுக்காரர் ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு போட்டுக்கொண்டார். மகளுக்கு ஒரே சந்தோஷம். "கையத் தொங்கப் போடுங்கப்பா, விறைப்பா வச்சாத்தான் வலிக்கும்" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஊசி விஷயத்தில் அவளுக்குத் தெரியாதது இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதல் வேலையாகக் காலண்டரைக் கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

மறுநாள் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு விருதுநகர் போனார். நான் வலிக்கிற கையோடு வேன் ஏறினேன். ஒரு நாள் முந்திப் போன கதையை ஒருத்தியிடம்தான் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது.

"ஏத்தா, உங்க வீட்டுல இப்ப எந்த வருஷம் ஓடுது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அடுத்த தீபாவளிக்கு எம்புட்டு போனஸ்னு பாத்துச் சொல்லேன்" என்றாள் இன்னொருத்தி.

போர்மேன் கூட வாசலில் நின்று சிரித்துவிட்டுப் போனார். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் வேறு ஆளைப் போடாமல் விட்டாரே என்று பேசாமல் பெட்டியை அடுக்கினேன். உடம்பு லேசாகக் காய்ந்தது. அன்றே சரியாகிவிட்டது.

வீடு திரும்பியபோது மகள் இரண்டாவது ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஓட்டலில் என்ன வாங்கிக் கொடுத்தீர்கள் என்று அவரைக் கேட்டேன். இட்லியைச் சீனி தொட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். சாம்பாரில் எவ்வளவு உப்புப் போட்டிருப்பான் என்று தெரியாதாம். அவருக்கு இதெல்லாம் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் மழை பிடித்தது. வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டு எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்து வருவோம். இருமல் முதலில் பின் சீட்டில் ஆரம்பித்தது. பிறகு நடு சீட்டுக்கு வந்தது. காய்ச்சல் என்று யாரும் லீவு போடவில்லை. சீசன் கடைசியில் லீவு போட்டால் போனஸில் கை வைத்துவிடுவார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். பட்டாசு ரூமில் நாலு பேர்தான் இருக்கலாம் என்று விதி, எங்கள் ரூமிலும் என்னோடு சேர்த்து நாலு பேர். மற்ற மூன்று பேரும் மாறி மாறிப் படுத்தார்கள். அந்தக் குடல்வால் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். தள்ளிவிடவும் மனசில்லை, சாய விடவும் பயம். தள்ளிவிடவில்லை. வீட்டுக்குப் போனதும் குளித்து, சேலை மாற்றி, அப்புறம்தான் மகள் பக்கம் போவேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. வீட்டுக்காரருக்கும் வரவில்லை.

மகளுக்குத்தான் வந்தது. தீபாவளி லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், மூக்கு ஒழுகிக்கொண்டு வந்தாள். மறுநாள் காய்ச்சல். நெற்றியில் கை வைத்தால் சுட்டது. ஊசி போட்டும் வந்துவிட்டதே, அலைந்தது எல்லாம் வீணாகப் போயிற்றே என்று அவர் மேல், டாக்டரம்மா மேல், வேன் மேல், பள்ளிக்கூடத்தின் மேல் என்று எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி குடிக்க வைத்தோம். எத்தனை தடவை சிறுநீர் போனாள் என்று அவர் கவனித்துக்கொண்டார். வாந்தி வருமோ வருமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. தண்ணீர் கேட்டாள். குடித்தாள். காய்ச்சல் இறங்கி எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். ஆனால் எழுந்து உட்கார்ந்ததை வைத்து எதையும் சொல்ல முடியாது. முந்தின வருஷமும் காய்ச்சல் இறங்கி எழுந்து உட்காரத்தான் செய்தாள்.

புதன்கிழமை விருதுநகர் போனோம். புதன்தானா என்று டீக்கடையில் கூட ஒருவரைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்காரர் பஸ் ஏறினார். ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மகள் பஞ்சு டப்பா பக்கம் போய்ச் சிஸ்டரிடம் ஏதோ கதை அளந்துகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா கூப்பிட்டார். தாளைப் பார்த்தார். பழைய தாளை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"அப்படியே இருக்கு" என்றார்.

எனக்குக் கேட்டது போதவில்லை. "கூடலையே?" என்றேன்.

"கூடல. ஊசி போட்டாலும் காய்ச்சல் வரலாம்மா. வந்தாலும் இப்படி லேசா வந்துட்டுப் போயிரும். அதுக்குத்தான் போடுறது. அடுத்த வருஷமும் ஆவணிலயே வந்துருங்க, மூணு பேரும்."

வீட்டுக்காரர் அந்த அறையிலேயே வாய்விட்டு அழுதார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. டாக்டரம்மா மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். மகள் எட்டிப் பார்த்து, "அப்பாவுக்கும் ஊசி போட்டீங்களா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்தோம். அவர் பிரஸ்ஸுக்குக் கிளம்பினார். தீபாவளி முடிந்தால் எனக்குச் சீசன் முடிந்துவிடும், அவருக்கு உச்சத்துக்கு வரும். அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, நான் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து அந்தச் சுருளை எடுத்தேன். ஓரத்தைக் கரப்பான் லேசாகக் கடித்திருந்தது. துடைத்து, அதே ஆணியில் மாட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "நேரமாகுது, கெளம்புங்க" என்றேன். போனார்.

மகள் ஸ்டூலில் ஏறி நின்று தன் பிறந்தநாளைத் தேடினாள். ஒவ்வொரு மாதமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்தாள்.

"சனிக்கெழமைம்மா. லீவு." கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இது தப்பான காலண்டர்ல? இதுல இருக்கிறது சரியா இருக்குமா?"

"அந்த வருஷம் வரட்டும். சரியாத்தான் இருக்கும்" என்றேன்.